கட்டடக்கலை மென்பொருள் சந்தையில் யார் கை ஓங்கியிருக்கிறது? திருச்சியிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

திருச்சியில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து புதிதாக அலுவலகம் தொடங்கியிருக்கும் இளம் கட்டடக்கலைஞர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "கட்டடக்கலை மென்பொருள்களில் எந்த நிறுவனத்திடம் எத்தனை விழுக்காடு சந்தை இருக்கிறது? விலை குறைந்த மாற்றுகள் இவ்வளவு வந்த பிறகும் ஆட்டோகேடும் ரெவிட்டும் ஏன் அசையாமல் இருக்கின்றன?" ஆட்டோகேட், கணினியில் கோடு போட்டு வரைபடம் வரையும் மென்பொருள்; ரெவிட், கட்டடத்தையே தகவல்களோடு முப்பரிமாண மாதிரியாக அமைக்கும் மென்பொருள். கேள்வி எண்களைப் பற்றியது போல இருக்கிறது. ஆனால் மூன்று பேர் சேர்த்து வைத்த பணத்தை எதில் போடுவது, போட்ட பிறகு அது நடுவழியில் விட்டுவிடுமா என்ற கவலைதான் அதன் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதே கவலையோடு 2015இல் கோவையில் அலுவலகம் திறந்தவன் நான். அதற்கு முன் பத்தாண்டுகள் சென்னையிலும் ஆறு ஆண்டுகள் சிங்கப்பூரிலும் வேலை செய்தேன். வீடு, பள்ளி, நடுத்தர அளவிலான மருத்துவமனை ஆகியவைதான் என் அனுபவம். சாலை, பாலம், ஆலை போன்றவற்றுக்கான மென்பொருள்கள் தனி உலகம். அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம்பி எடுத்துச் சொல்லத்தக்க ஒற்றை விழுக்காடு எதுவும் இந்தச் சந்தையில் இல்லை. உறுதியாகக் கிடைப்பவை நிறுவனங்கள் தங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் கணக்குகள். ஆட்டோகேடும் ரெவிட்டும் விற்கும் ஆட்டோடெஸ்க், 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 5.5 பில்லியன் டாலர் வருவாய் ஈட்டியது. அதில் ஏறக்குறையப் பாதி, கட்டடம், கட்டுமானம் சார்ந்த மென்பொருள்களிலிருந்து வந்தது. கால் பங்கு அளவில் ஆட்டோகேட் குடும்பத்திலிருந்து வந்தது. அதன் பெரிய போட்டியாளர் ஜெர்மனியின் நெமெட்செக் குழுமம். ஆர்கிகேட், வெக்டர்வொர்க்ஸ், ஆல்பிளான் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றும் அதன் கையில்தான் இருக்கின்றன. 2023இல் அதன் வருவாய் சுமார் 850 மில்லியன் யூரோ. ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான வேறுபாடு என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் ஆட்டோடெஸ்கின் பணத்தில் இயந்திர வடிவமைப்பும் திரைப்பட வேலையும் கலந்திருக்கின்றன. நெமெட்செக்கின் பணத்திலும் அசைபடக் கலைஞர்களுக்கான மென்பொருள் இருக்கிறது. ரெவிட் மட்டும் எவ்வளவு விற்றது என்று ஆட்டோடெஸ்க் தனியே பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே வருவாய்க் கணக்கு திசையைக் காட்டும், அளவைக் காட்டாது.

இணையத்தில் தேடினால் வரும் "சந்தைப் பங்கு" பட்டியல்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். அவற்றில் பல, வேலை விளம்பரங்களிலும் நிறுவனங்களின் இணையப் பக்கங்களிலும் எந்த மென்பொருளின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தயாரிக்கப்படுபவை. அந்த எண்ணிக்கையில் லேத் பட்டறையின் வரைவாளரும் கட்டடக்கலைஞரும் ஒன்றுதான். தொழில் அமைப்புகள் நடத்தும் ஆய்வுகள் இதைவிட மேல். பிரிட்டனில் என்.பி.எஸ். என்ற கட்டுமானத் தகவல் நிறுவனம் நடத்திய ஆய்வுகள் பல ஆண்டுகளாக ரெவிட்டை முதலிடத்தில் காட்டின. அங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பதில் தருபவர்கள் இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் மட்டும். நம் ஊரில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. உரிமம் இல்லாத பிரதிகள் எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. வேலையோ அவற்றில்தான் காலங்காலமாக நடந்தது. நான் தொழிலுக்கு வந்த 1999இல் சென்னையில் நான் பார்த்த சிறு அலுவலகங்களில் ஆட்டோகேட் இல்லாத இடம் அரிது, உரிமம் உள்ள இடம் அதைவிட அரிது. விற்பனைக் கணக்கில் அந்த அலுவலகங்கள் பூஜ்யம். ஆனால் அங்கே பழகிய கைகள்தான் பிறகு ஆயிரக்கணக்கான உரிமங்களை வாங்க வைத்தன.

சந்தையை ஒழுங்காக அளக்க வேண்டிய கட்டாயம் ஓர் அரசு அமைப்புக்கு ஒரு முறை வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் பாதி அதில் இருப்பதால். 1990களில் சாஃப்ட்டெஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம் ஆட்டோகேடின் மேல் அமர்ந்து இயங்கும் துணை மென்பொருள்களை விற்றுவந்தது. கட்டடக்கலைஞர்களுக்கும் சிவில் பொறியாளர்களுக்கும் வேண்டிய கதவு, சன்னல், நில அளவைக் கருவிகள் போன்றவை. அதே நிறுவனம், ஆட்டோகேடே இல்லாமல் அதன் கோப்புகளைத் திறக்கவும் சேமிக்கவும் வல்ல ஒரு மென்பொருளைச் சத்தமில்லாமல் உருவாக்கிக்கொண்டிருந்தது. இன்டெல்லிகேட் என்று அதற்குப் பெயர். அந்தச் சாஃப்ட்டெஸ்க்கை வாங்க ஆட்டோடெஸ்க் முன்வந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1997இல் குறுக்கே வந்தது. விண்டோஸ் கணினிகளில் ஓடும் கேட் (கணினி வழி வரைதல்) மென்பொருள்களில் ஆட்டோகேடின் பங்கு சுமார் 70 விழுக்காடு என்று கணக்கிட்டு, வரவிருந்த ஒரு போட்டியாளரை இந்த விற்பனை பிறக்கும் முன்பே இல்லாமல் செய்துவிடும் என்று சொன்னது. இன்டெல்லிகேடை வேறு கைக்கு மாற்றிவிட்டுத்தான் சாஃப்ட்டெஸ்க்கை வாங்கலாம் என்று முடிவாயிற்று. அந்த மென்பொருள் விசியோ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. எதிர்பார்த்த அளவு விற்காததால், விசியோ 1999இல் அதன் மூல நிரலை ஒரு கூட்டமைப்புக்குக் கொடுத்துவிட்டது.

அந்த ஆணையம் எதைப் பார்த்துப் பயந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்திலும் கேட் மென்பொருள்கள் ஒரு டஜன் இருந்தன. கோடு போடுவதில் ஆட்டோகேடைவிட வேகமானவையும் அவற்றில் உண்டு. அவற்றையெல்லாம் விட, பொருளாகக்கூட வெளிவராத இன்டெல்லிகேட் ஆணையத்துக்கு முக்கியமாகப் பட்டதன் காரணம், அது ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பை அப்படியே திறக்கும் என்பதுதான். இந்தத் தொழிலில் சந்தைப் பங்கு என்பதே அந்தக் கோப்பின் பங்கு என்பது என் உறுதியான கருத்து. நாம் தனியாக உட்கார்ந்து வரைவதில்லை. நம் பிளான் கட்டமைப்புப் பொறியாளரிடம் போகிறது. அங்கிருந்து தூண், பீம் விவரங்களோடு திரும்பி வருகிறது. மின்சாரம், குழாய்ப் பணிக்காரர்களிடம் போகிறது. அளவு எடுத்து மதிப்பீடு போடுபவரிடம் போகிறது. இந்தியாவின் பல மாநகராட்சிகளில் விதிமீறலைத் தானாகச் சரிபார்க்கும் மென்பொருளுக்குள், குறிப்பிட்ட லேயர் (வரைபட அடுக்கு) பெயர்களோடு போகிறது. இத்தனை வாசல்களிலும் ஒரே சாவி நுழைகிறது என்றால், சாவியை மாற்றச் சொல்லும் துணிச்சல் ஒரு சிறிய அலுவலகத்துக்கு எங்கிருந்து வரும்?

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கோவையில் அலுவலகம் தொடங்கியபோது ஆர்கிகேட் வாங்கினேன். அதுவும் ரெவிட்டைப் போல முப்பரிமாண மாதிரி அமைப்பதுதான். அதில் வேலை செய்வது எனக்கு இன்றும் பிடிக்கும். கட்டடக்கலைஞனின் மனம் ஓடும் வழியிலேயே அது ஓடும். ஒரு பள்ளி வேலை வந்தது. பொறியாளர் இருபது ஆண்டுகளாக ஆட்டோகேட்காரர், தன் வேலையில் கெட்டிக்காரர். வாரந்தோறும் டி.டபிள்யூ.ஜி.யாக மாற்றி அனுப்புவோம். அவர் தூண்களைத் திருத்தி அனுப்புவார். அதைப் பார்த்து எங்கள் மாதிரியில் கையால் மாற்றுவோம். போகும்போது ஹேட்ச் எனும் நிரப்புக் கோடுகள் உடையும், கோட்டின் கனம் மாறும், பழைய எழுத்துருவில் இருந்த தமிழ் அறைப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். இவையெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். ஒரு வாரம், 230 மி.மீ. அகலத் தூண் ஒன்றை அவர் 300 ஆக்கியிருந்ததை எங்கள் மாதிரியில் ஏற்ற மறந்துவிட்டோம். கான்கிரீட் போட்டு முடிந்த பிறகு, கழிவறை டக்ட்டில் குழாய் இறங்க இடம் இல்லை என்று மேஸ்திரி கூப்பிட்டுச் சொன்னார். தவறு முழுக்க எங்களுடையது. குழாய்ப் பாதையை மாற்றி அமைக்க ஆன செலவையும் நாங்கள்தான் ஏற்றோம். அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மாற்றி அனுப்பவும் திரும்ப ஏற்றவும் ஒருவருடைய நேரத்தில் வாரத்துக்கு ஒன்றரை நாள் போய்க்கொண்டிருந்தது. உரிமத்தின் விலையை ஒப்பிட்ட நான், அந்த ஒன்றரை நாளின் சம்பளத்தை ஒப்பிடவே இல்லை.

இனி அந்தச் சாவியைப் பிரதி எடுக்கும் முயற்சிகள். 1998இல் ஓபன் டிசைன் அலையன்ஸ் என்று இன்று அழைக்கப்படும் அமைப்பு உருவாயிற்று. டி.டபிள்யூ.ஜி.யைப் படிக்கவும் எழுதவும் தேவையான நிரல் தொகுப்பை உருவாக்கி, உறுப்பினர் நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தருவது அதன் வேலை. ஆட்டோடெஸ்க் 2006இல் அதன்மேல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசம் ஆயிற்று. ஒருபக்கம் இந்த அலையன்ஸின் நிரலும் மறுபக்கம் இன்டெல்லிகேட் கூட்டமைப்பின் நிரலும் கிடைத்ததால்தான் விலை குறைந்த மாற்றுகள் தலையெடுத்தன. இத்தாலியின் புரோஜிகேட், சீனாவின் குவாங்சோவிலிருந்து வரும் இசட்.டபிள்யூ.கேட், பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட் ஆகியவை இந்த வழியில் வளர்ந்தவை. பிரிக்ஸ்கேட் பிறகு தன் நிரலைப் புதிதாக எழுதிக்கொண்டது. அதன் நிறுவனத்தை 2018இல் ஸ்வீடனின் ஹெக்ஸகான் வாங்கியது. 2020இல் ஆட்டோடெஸ்க்கே ஓபன் டிசைன் அலையன்ஸில் உறுப்பினராகச் சேர்ந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள்! இன்று சாதாரண இரு பரிமாண வரைபடத்தில் இந்த மாற்றுகளுக்கும் ஆட்டோகேடுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது என்று என் பயன்பாட்டிலிருந்து தயங்காமல் சொல்கிறேன். "விலை குறைந்தவற்றால் ஆட்டோகேடை அசைக்க முடியவில்லை" என்ற உங்கள் முன்முடிவை இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். அவை அசைத்திருக்கின்றன, சிறிய அலுவலகங்களில்.

ரெவிட்டின் பிடி வேறு வகை. அதன் பிறப்பைப் பார்த்தால் புரியும். இயந்திர வடிவமைப்பு மென்பொருள் உலகிலிருந்து வந்த லியோனிட் ரேஸ், இர்வின் ஜங்ரைஸ் இருவரும் 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஓரிடத்தில் சுவரை நகர்த்தினால் பிளான், குறுக்குவெட்டு, கதவுப் பட்டியல் எல்லாம் தாமாகத் திருந்த வேண்டும் என்பது குறிக்கோள். முதல் பதிப்பு 2000இல் வந்தது; 2002இல் ஆட்டோடெஸ்க் 133 மில்லியன் டாலருக்கு வாங்கிவிட்டது. ஆனால் இந்த எண்ணம் புதியதல்ல. இரும்புத்திரைக்குப் பின்னால் இருந்த புடாபெஸ்ட்டில் காபோர் போயாரின் கிராஃபிசாஃப்ட் இதை முன்பே செய்துகாட்டியிருந்தது. பாக்ஷ் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் அமைத்துப் பழகிய நிறுவனம் அது. 1984இல் ஆப்பிள் கணினியில் முதல் பதிப்பைக் கொண்டுவந்து, 1987இல் "மெய்நிகர் கட்டடம்" என்ற பெயரிலேயே ஆர்கிகேடை விற்றது. பதின்மூன்று ஆண்டுகள் முன்னால் ஓடியவர் ஏன் பின்தங்கினார்?

என் பதில் ஓர் ஊகம்தான், ஆனால் இரண்டு நாடுகளில் வேலை செய்து உறுதிப்பட்ட ஊகம். ஆட்டோடெஸ்கிடம் ஆட்டோகேடை விற்கும் முகவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். ஆட்டோகேடோடு ரெவிட்டைச் சேர்த்து ஒரே பொதியாக விற்றார்கள். புதுப்பிக்க வந்த அலுவலகத்தின் கைக்கு ரெவிட்டும் வந்து சேர்ந்தது. அதைவிடப் பெரிய காரணம், 2005, 2006 வாக்கில் கட்டமைப்புப் பொறியாளருக்கும், மின்சாரம், குளிரூட்டல் பொறியாளர்களுக்கும் தனித்தனி ரெவிட் வந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்றும் ஒன்றாயின. என் பள்ளி வேலையில் அந்தத் தூண் எங்கே தவறியதோ, சரியாக அந்த இடத்தை ரெவிட் அடைத்தது. பொறியாளர் தூணைத் திருத்தினால் என் மாதிரியில் அது தெரியும். நெமெட்செக் குழுமத்திலும் இதற்கான பொருள்கள் எல்லாம் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு ஊர்களில் வளர்ந்து பிறகு ஒரே கூரைக்கு வந்தவை. கோப்பு ஒன்றாக இருக்கவில்லை.

பிடியை இறுக்கும் இன்னொரு அம்சத்தை விற்பனையாளர்கள் சொல்லமாட்டார்கள். டி.டபிள்யூ.ஜி.யைப் பழைய பதிப்பாகச் சேமிக்கலாம். 2018ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த வடிவத்தையே ஆட்டோகேட் அதன் பிறகு பல ஆண்டுகள் வைத்திருந்தது. ரெவிட்டில் அப்படி முடியாது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது, கீழ்ப் பதிப்பாகச் சேமிக்கும் வழியும் இல்லை. ஒரு திட்டத்தில் ஆறு அலுவலகங்கள் இருந்தால் ஆறும் ஒரே ஆண்டுப் பதிப்பில் நிற்க வேண்டும். 2016இல் நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று, சந்தா மட்டுமே என்று ஆனபோது இது இன்னும் கனத்தது. முன்பெல்லாம் பணம் இல்லாத ஆண்டில் பழைய பதிப்பிலேயே ஓட்டிவிடுவோம். சந்தாவை நிறுத்தினால் நம் சொந்தக் கட்டடத்தின் கோப்பை நாமே திருத்திச் சேமிக்க முடியாது. இது எனக்கு வருத்தம் மட்டுமல்ல, கோபமும்கூட. வரைந்தது நாம், சட்டப்படி பொறுப்பும் நம்முடையது, கட்டடம் நிற்கும் ஐம்பது ஆண்டுகளுக்கும் அந்த வரைபடம் தேவைப்படும்.

பெரிய அலுவலகங்களும் இதே கோபத்தில்தான் இருந்தன. 2020 ஜூலையில் ஸாஹா ஹதீத் அலுவலகம் உட்படப் பிரிட்டனின் புகழ்பெற்ற கட்டடக்கலை நிறுவனங்கள் பல சேர்ந்து ஆட்டோடெஸ்க் தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்குத் திறந்த கடிதம் எழுதின. செலவு ஏறிக்கொண்டே போகிறது, ரெவிட்டோ வளரவில்லை என்பது குற்றச்சாட்டு. கட்டடக்கலைப் பகுதியில் முன்னேற்றம் போதவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். 2022இல் நார்டிக் நாடுகளிலிருந்தும் இப்படி ஒரு கடிதம் போனது. கையெழுத்திட்டவர்கள் கூட்டமாக ரெவிட்டை விட்டு வெளியேறவில்லை. அவர்களுடைய பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், கட்டடத்தின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே கோப்பில்தான் இருக்கிறார்கள்.

உலகம் முழுக்க ஒரே நிலை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹங்கேரி, பின்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஆர்கிகேட் ஆழமாகக் கால் ஊன்றியிருக்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகளில் ஆல்பிளான். ஜப்பானில் ஜே.டபிள்யூ. கேட் என்ற இலவச மென்பொருளும் வெக்டர்வொர்க்ஸும் நெடுங்காலமாகப் பரவலாக இருக்கின்றன. ரெவிட் ஆப்பிள் கணினியில் நேரடியாக ஓடாது. ஆர்கிகேடும் வெக்டர்வொர்க்ஸும் ஓடும். இது சிறிய விஷயமாகத் தெரியலாம், ஆனால் மேக் விரும்பும் அலுவலகங்களை இது முழுதாக அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறது.

ஸ்கெட்ச்அப், ரைனோ இரண்டையும் பலர் இந்தப் போட்டிப் பட்டியலில் சேர்க்கிறார்கள். நான் சேர்க்கமாட்டேன். அவை தொடக்கக் கற்பனைக்கான கருவிகள். ரெவிட் இருக்கும் அலுவலகத்திலேயே அவையும் இருக்கும். ஸ்கெட்ச்அப் 2000இல் வந்தது, 2006இல் கூகுள் வாங்கி இலவசப் பதிப்பும் தந்தது, 2012இல் டிரிம்பிள் கைக்குப் போனது. அந்த இலவச ஆண்டுகளில் பழகியவர்கள் இன்றும் அதை விடவில்லை. ரைனோ இன்றும் நிரந்தர உரிமமாக, 995 டாலருக்கு விற்கப்படுகிறது என்பதை மட்டும் மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன். தங்கள் பயனர்களை நம்பி நடத்தப்படும் தொழில் அது.

இந்தப் பிடியைத் தளர்த்தும் வலு யாருக்கு உண்டு என்றால், என் அனுபவத்தில், கோப்பைக் கேட்டு வாங்கும் அரசுக்கு உண்டு. நான் சிங்கப்பூரில் இருந்தபோதுதான், 2013இல், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு அனுமதி கேட்பவர்கள் பிம் மாதிரியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தது. பிம் என்பது தகவல்களோடு கூடிய கட்டட மாதிரி. 2015இல் வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் அலுவலகம் மாறிய வேகத்தைப் பத்தாண்டு விளம்பரம்கூடச் செய்திருக்காது. வரைவாளர்கள் மாலை வகுப்புகளுக்குப் போனார்கள், பழைய டி.டபிள்யூ.ஜி. நூலகங்களை ஓரம் கட்டினோம். அந்தக் கட்டாயம் நடைமுறையில் ரெவிட்டுக்கே அதிகம் பயன்பட்டது என்பதையும் கண்ணால் கண்டேன், ஏனென்றால் அப்போது ஒவ்வொரு மென்பொருளின் சொந்தக் கோப்பும் ஏற்கப்பட்டது. சிங்கப்பூரின் புதிய சமர்ப்பிப்பு முறையான கோர்நெட் எக்ஸ், ஐ.எஃப்.சி. என்ற பொது வடிவத்தைக் கேட்கிறது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, 2013 முதல் பன்னாட்டுத் தரமாக இருக்கும் வடிவம் அது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் வாசலில் ஒரே கோப்பு. நம் மாநகராட்சிகள் ஒரு நாள் மாதிரிகளைக் கேட்கத் தொடங்கும்போது, தயவுசெய்து இந்த இரண்டாவது வழியில் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, உறுதி குறைந்த பகுதி. உலாவியில் ஓடும் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. இந்தியாவில் பிறந்த ஸ்னாப்ட்ரூட் அவற்றில் ஒன்று. ஆட்டோடெஸ்க்கும் நார்வேயின் ஸ்பேஸ்மேக்கரை 2020இல் வாங்கி, அதைத் தன் ஃபார்மா என்ற இணைய வழி வடிவமைப்புக் கருவிக்கு அடித்தளமாக்கியிருக்கிறது. கோப்பு என்பதே மறைந்து, எல்லாம் மேகத்தில் இருக்கும் தரவாகிவிடும் என்கிறார்கள். அப்படி ஆனால் பூட்டு இன்னும் இறுகுமா, திறக்குமா என்பது அந்தத் தரவை வெளியே எடுக்க எவ்வளவு எளிதாக விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2024இல் ஆட்டோடெஸ்க்கும் நெமெட்செக்கும் தங்கள் பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாற ஒப்பந்தம் செய்துகொண்டன. நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன், பலனை நம் மேசையில் பார்த்த பிறகு நம்பலாம். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளின் மேல் இயங்கும் போன்சாய் என்ற இலவசக் கருவி ஐ.எஃப்.சி.யையே தன் சொந்தக் கோப்பாக வைத்து வேலை செய்கிறது. அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழுக் கட்டட வரைபடத் தொகுப்பை அதில் முடித்துக் கட்டிக்காட்ட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். கடந்த ஓராண்டில் யார் யாருக்குக் கோப்பு அனுப்பினீர்கள், என்ன வடிவத்தில் கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். திருச்சியில் தனி வீடுகளும் சிறு வணிகக் கட்டடங்களும் என்றால் பட்டியல் முழுக்க டி.டபிள்யூ.ஜி.யும் பி.டி.எஃப்.பும்தான் இருக்கும். அப்படியானால் மூன்று பேருக்கும் டி.டபிள்யூ.ஜி.யைத் திறக்கும் விலை குறைந்த மென்பொருள் ஒன்றின் உரிமமும், ஸ்கெட்ச்அப் ஒன்றும் போதும். வாங்கும் முன், உங்களிடம் உள்ளதிலேயே கனமான வரைபடத்தை எடுங்கள். வெளிக்கோப்புகள் இணைந்தது, டைனமிக் பிளாக் உள்ளது, வேலையைத் தானாகச் செய்ய நீங்கள் நம்பியிருக்கும் லிஸ்ப் என்ற சிறு நிரல் ஓடுவது. அதைச் சோதனைப் பதிப்பில் திறந்து, திருத்தி, உங்கள் பேனாக் கனங்களோடு அச்சிட்டு, சேமித்து, உங்கள் பொறியாளருக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் கவனிக்காமல் வேலையைத் தொடர்ந்தால் வாங்கலாம்.

ரெவிட்டை மூன்று பேருக்கும் இப்போதே வாங்க வேண்டாம். அமெரிக்க விலையில் ஓர் உரிமம் ஆண்டுக்கு 2,500 டாலரைத் தாண்டும். மருத்துவமனை போன்ற வேலை வந்து, பொறியாளரும் ரெவிட்டில் இருந்தால், அந்த வேலைக்கு மட்டும் மாதச் சந்தாவில் ஓர் இருக்கை எடுங்கள். கட்டணத்தில் அதைச் சேர்த்துக் கேளுங்கள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை எல்லோரும் சேர்ந்து முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். கல்லூரியில் பயன்படுத்திய மாணவர் உரிமத்தில் சம்பள வேலை செய்யாதீர்கள். அதன் விதி அதற்கு இடம் தரவில்லை. மூவரில் ஒருவராவது ரெவிட் அல்லது ஆர்கிகேடில் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஒன்றின் சிந்தனை கைவந்தால் மற்றதற்கு மாற ஆறு வாரம் போதும். ஒவ்வொரு வேலையும் முடியும் நாளில் சொந்தக் கோப்போடு டி.டபிள்யூ.ஜி., பி.டி.எஃப்., மாதிரி இருந்தால் ஐ.எஃப்.சி. ஆகியவற்றையும் சேர்த்து ஒரே உறையில் சேமியுங்கள். பத்தாண்டு கழித்து மேல்மாடி எடுக்க அந்த வீட்டுக்காரர் உங்களிடம் வரும்போது, உங்கள் சந்தா எதில் இருந்தாலும் அந்த உறை திறக்கும்.